கூப்பிட்டா வரணும்னா

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க அக்கா பையன் கோயமுத்தூர்ல இருந்து கார்ல வந்து எறங்கினான். பின் சீட்டுல ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி. ஆறு மாசம் இருக்கும். காலு நீளம் நீளமா, வயிறு ஒட்டி, பார்க்க மான்குட்டியாட்டம் இருந்துச்சு. பேரு வீராவாம். கழுத்துல, இழுத்தா இறுகுற மாதிரி ஒரு இரும்புச் சங்கிலி. பையன் கையில சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட செய்தித்தாள்.

"அது எதுக்கு மாப்ளே?"ன்னு கேட்டேன்.

"அடிக்கிறதுக்குங்க மாமா. நாட்டு நாய் முரட்டு ரகம், அடிச்சாத்தான் வழிக்கு வரும்னாங்க. நாமதான் தலைவன்னு அதுக்குக் காட்டோணுமாம். யூடியூப்ல பார்த்தேனுங்க."

கதவைத் திறந்து "வா, வா"ன்னான். வீரா எறங்கலை. சீட்டுக்கு அடியில போய் ஒண்டிக்கிச்சு. சங்கிலியப் பிடிச்சு இழுத்து எறக்கினான். மண்ணுல கால் பட்டதும் பயத்துல ஒண்ணுக்குப் போயிருச்சு. அதுக்கும் பேப்பர்ல ஒண்ணு வச்சான்.

நான் அப்ப ஒண்ணும் சொல்லலை. ஊட்டுக்கு வந்த புள்ளைய வாசல்ல வச்சே எதுக்குத் திட்டறதுன்னு ஒரு யோசனை. அதைவிட, அவனைத் திட்டற யோக்கியதை எனக்கு இருக்குதான்னு ஒரு வெசனம். ஏன்னா நானும் அடிச்சவன்தான். பேப்பர்ல இல்லை, புளியம்மிளாறுல. அன்னிக்கு அவன்கிட்ட சொல்லாததத்தான் இங்க எழுதறேன்.

எங்க ஊரு காங்கேயத்துக்குத் தெக்கால. மானாவாரி பூமி. கொறங்காடுன்னு சொல்லுவோம். டவுன்ல இருக்கறவங்க பலபேர் பார்த்திருக்க மாட்டீங்க. சுத்தியும் கிளுவை உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேலா மரம். காலையில ஆடு மாட்டை உள்ள விட்டுப் படலைச் சாத்திட்டா பொழுதோட வரைக்கும் அதுகளே மேஞ்சுக்கும். ஆளு கூடவே நிக்க வேண்டியதில்லை. ஆனா ராத்திரிப் பட்டிக் காவலுக்கு நாய் இல்லாம முடியாது.

2012-ல என்கிட்ட செம்மறி முப்பது உருப்படி இருந்துச்சு. காவலுக்குக் கருப்பன். ஜாதி கீதி ஒண்ணும் கிடையாது, பக்கத்துக் காட்டுக்காரர் சாளையில போட்ட குட்டி. ஒருநாள் விடியக்காலம் பட்டிக்குப் போனா ஒரு ஆட்டுக்குட்டி குரவளையில கடிபட்டுச் செத்துக் கிடக்குது. பக்கத்துல கருப்பன் நிக்கறான். வாயெல்லாம் ரத்தம். எனக்குக் கண்ணு இருட்டிக்கிச்சு. "வாடா இங்க"ன்னேன். வந்தான். வாலை ஆட்டிக்கிட்டேதான் வந்தான். வேப்பமரத்துல கட்டிவச்சு மிளாறு பிஞ்சுபோற வரைக்கும் அடிச்சேன். அவன் படுத்துக்கிட்டுக் காதை ஒட்ட வச்சுக்கிட்டான். கண்ணை அக்கட்டால திருப்பிக்கிட்டான். "பாத்தியா, பண்ணின தப்பு அதுக்கே தெரியுது"ன்னு எங்கூட்டம்மாகிட்ட சொன்னது இன்னும் ஞாபகம் இருக்குது.

நாலு நாள் கழிச்சுப் பக்கத்துக் காட்டுல ஒரே ராத்திரியில அஞ்சு ஆடு போச்சு. கூட்டமா நாய்க வந்ததைப் பார்த்த ஆளு இருந்தாங்க. அப்புறம்தான் நான் எங்க வேலியச் சுத்தி வந்து பார்த்தேன். கிளுவைக்கு அடியில மண்ணைப் பறிச்சு வழி பண்ணியிருந்துச்சு. கருப்பனுக்கு முன்னங்காலுல ஒரு காயம் இருந்துச்சு. நான் அடிச்சதுல வந்ததுன்னு நெனச்சிருந்தேன். உத்துப் பார்த்தா பல்லு எறங்கின தடம். ஆக, குட்டியக் கடிச்சது அவனா, கடிச்சதுகளோட மல்லுக்கட்டினவனா? கேட்டுத் தெரிஞ்சுக்க வழியில்லை.

அதுக்கப்புறம் கருப்பன் நான் கூப்பிட்டா வரமாட்டான். பத்தடி தள்ளி நின்னு பார்ப்பான். கையில தடி இருந்தா சொன்னதைக் கேப்பான், தடி இல்லைன்னா அவன் பாட்டுக்கு இருப்பான். எனக்கு அதுவே பெருமை, நாய் பயந்து நடக்குதுன்னு. ஆறேழு மாசம் போச்சு. ஒருநாள் பொழுதோட ரோட்டுக்கு அக்கட்டால காட்டுல இருந்து ஆட்டை ஓட்டியாந்தேன். ஆடெல்லாம் தாண்டிருச்சு, கடைசியா அவன் வந்தான். வளைவுல லாரி வர்ற சத்தம் கேட்டுச்சு. "டேய் கருப்பா, வாடா!"ன்னு கத்தினேன். ஓடி வந்திருந்தா நாலே எட்டு. ஆனா நான் அப்படிக் கத்தினா என்ன நடக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ரோட்டு நடுவுலயே பம்மி உட்கார்ந்துட்டான். காதை ஒட்ட வச்சு, கண்ணை அக்கட்டால திருப்பிக்கிட்டு.

லாரிக்காரர் மேல தப்பில்லை.

ரெண்டு வருஷம் நாய் வளர்த்தலை. மனசு வரலை. அந்தச் சமயத்துல எம்மக லீவுக்கு வந்திருந்தப்ப, இதையெல்லாம் கேட்டுட்டு இங்கிலீஷ்ல படிச்ச ஒரு சமாச்சாரத்தைச் சொல்லுச்சு. நியூயார்க்குல பர்னார்டு காலேஜ்ல அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு அம்மா 2009-ல ஒரு சோதனைய எழுதி வெளியிட்டிருக்காங்க. நாய் வளக்கறவங்க ஒரு தின்பண்டத்தைக் காட்டி "தொடக்கூடாது"ன்னு சொல்லிட்டு ரூமை விட்டு வெளிய போயிரணும். அவங்க இல்லாதப்ப சிலதுக்கு அந்தத் தீனி கிடைக்கும், சிலதுக்குக் கிடைக்காது. திரும்பி வர்ற ஆளுககிட்ட நாய் தின்னுச்சா இல்லையான்னு சிலசமயம் நெசத்தைச் சொல்லுவாங்க, சிலசமயம் மாத்திச் சொல்லுவாங்க. தின்னுருச்சுன்னு கேட்டவங்க நாயைத் திட்டினாங்க. நாம "தப்புப் பண்ணின முழி"ன்னு சொல்றமே, அந்தப் பம்மறது, காதை மடக்கறது, மூஞ்சியத் திருப்பறது எல்லாம் திட்டு வாங்கினப்பத்தான் வந்துச்சாம். தப்புப் பண்ணுச்சா இல்லையாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அதுலயும், தீனியத் தொடாம இருந்து திட்டு வாங்கின நாய்க இன்னும் கூடுதலாப் பம்மியிருக்குது.

இதைக் கேட்டுட்டு நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில நின்னுட்டு வந்தேன்.

எங்க காட்டுக்கு மேவறத்துல ஒரு பெரியவர் பட்டி போட்டிருந்தார். அவர்கிட்ட ரெண்டு நாய். அவர் கையில தொரட்டி இருக்கும், ஆனா அது வேலாங்காய் பறிக்கறதுக்கு மட்டும்தான். ராத்திரி சோறு உங்கறதுக்கு முன்னாடி களியில ரெண்டு உருண்டை புடிச்சு அதுகளுக்கு வச்சுட்டுத்தான் அவர் கை நனைப்பார். அதைவிட நான் கவனிச்சது ஒண்ணு. நாய் தானா அவர் கிட்ட வந்தா எந்த வேலையில இருந்தாலும் காதுக்கு அடியில ஒருதடவை சொறிஞ்சு விடுவார். பேச்சு கிடையாது, கொஞ்சல் கிடையாது. "வந்தியா, சரி"ங்கற மாதிரி ஒரு சொறி. அவர் வாயில ஒரு "இந்தா"ன்னா போதும், ரெண்டும் எங்கிருந்தாலும் காலடிக்கு வந்துரும். அப்ப அது எனக்கு வேடிக்கையாத்தான் இருந்துச்சு.

கொல்கத்தா ஐசர்ல அனிந்திதா பத்ரான்னு ஒரு அம்மா தெருநாய்களப் பத்தியே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றாங்க. முன்னப்பின்ன தெரியாத தெருநாய்களுக்குச் சிலர் தீனி மட்டும் வச்சு, சிலர் தலையத் தடவிக்குடுத்து, திரும்பத் திரும்பப் பழகிப் பார்த்திருக்காங்க. தடவிக்குடுத்தவங்களத்தான் அதுக கூடுதலா நம்பியிருக்குது. 2017-ல வந்த ஆராய்ச்சி அது. அந்தப் பெரியவர் எந்தக் காலேஜுக்கும் போனவரில்லை.

சரி, செவலை கதைக்கு வர்றேன். 2019-ல எடுத்தேன். பொட்டைக்குட்டி, நாட்டு நாய்தான். எட்டு வாரம் ஆகட்டும்னு தாய்கிட்டயே விட்டு வச்சுத்தான் தூக்கியாந்தேன். முப்பது நாள்லயே பிரிச்சு விக்கறாங்க, அது நல்லதில்லை. தாயும் கூடப்பொறந்ததும் கடிச்சு விளையாடற விளையாட்டுலதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு ஒரு குட்டி கத்துக்குது. முதல் மூணு மாசத்துல எதையெல்லாம் பயமில்லாமப் பாக்குதோ அதெல்லாம் அதுக்குப் பழகினதாயிரும். அதனால டிராக்டர் சத்தம், டிவிஎஸ் ஃபிப்டி, தண்ணி மோட்டார், குடை புடிச்ச ஆளு, கிழவி, சின்னப்புள்ளைக எல்லாத்தையும் அந்த வயசுலயே தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். காலைத் தூக்கிப் பாக்கறது, வாயைத் திறந்து பாக்கறது, காதுக்குள்ள விரல் விடறது, அதுக்கெல்லாம் ஒரு முட்டைத்துண்டு. மூணு மாசத்துல வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கொண்டு போனப்ப டாக்டர் ஊசி போட்டதே அவளுக்குத் தெரியலை. ஊசி வருஷா வருஷம் போடணும், அதை விட்றாதீங்க.

"வா"ங்கறதக் கத்துக்குடுத்தது இப்படித்தான். சட்டைப் பையில ஒரு அவிச்ச முட்டைய நகத்தளவு துண்டாக்கிப் போட்டுக்குவேன். நாலடி தள்ளி உட்கார்ந்து, அவ என்னையப் பாக்கறப்ப மட்டும், ஒரே ஒருதடவை "செவலை, வா". வந்ததும் "சபாஷ்"னு ஒரு சொல்லு, உடனே ஒரு துண்டு. அந்த உடனேங்கறதுதான் முக்கியம். ஒண்ணு ரெண்டு எண்ணறதுக்குள்ள குடுத்துரணும். பையத் துழாவிட்டு நின்னோம்னா அதுக்குள்ள அவ உட்கார்ந்திருப்பா, இல்லை ஈயைப் பிடிச்சுட்டு இருப்பா. ஈ புடிச்சதுக்குத்தான் முட்டைன்னு நெனச்சுக்கும். அதுக்குத்தான் அந்தச் சபாஷ். கை பைக்குள்ள போறதுக்கு முன்னாடியே "நீ செஞ்சது சரி, கூலி வருது"ன்னு சொல்லிர்ற மாதிரி. டால்பின் மீனைப் பழக்கறவங்க விசிலை ஊதறது இதுக்குத்தானாம். மீன்னு நாம சொன்னாலும் அது மீனில்லைன்னு மக திருத்துச்சு. கேரன் பிரையர்னு டால்பின் பழக்கின ஒரு அம்மா, 1984-லயே நாய்க்கும் மனுசனுக்கும் இது பொருந்தும்னு புத்தகம் போட்டிருக்காங்க. யோசிச்சுப் பார்த்தா டால்பினை எப்படி அடிக்கறது? தண்ணிக்குள்ள போயிரும், அவ்வளவுதான். அடிக்க முடியாத ஜீவனைப் பழக்கறதுக்கு அவங்க இந்த வழியத்தான் கையாண்டாங்க.

நாலடி பத்தடியாச்சு, அப்புறம் காட்டுக்கு இந்தக் கோடியில நானும் அந்தக் கோடியில அவளும். எல்லாம் நல்லாப் போயிட்டு இருக்கறப்ப நானே ஒரு கூத்துப் பண்ணினேன். உண்ணி அதிகமாச்சுன்னு மருந்துத் தண்ணியக் கலக்கி வச்சுட்டு "செவலை, வா"ன்னேன். ஓடி வந்தா. புடிச்சு நனைச்சு விட்டேன். அவளுக்கு அது ஆகவே ஆகாது. அடுத்த நாள் கூப்பிட்டா ரண்டு எட்டு வச்சுட்டு நின்னு யோசிக்கறா. எனக்குக் கருப்பன் பத்தடி தள்ளி நின்னது ஞாபகம் வந்துருச்சு. மறுபடி நாலடியில இருந்து ஆரம்பிச்சேன். அன்னில இருந்து உண்ணி மருந்துக்கோ கட்டிப் போடறதுக்கோ நான் கூப்பிடறதில்லை. நானே நடந்து போய்ப் புடிச்சுக்குவேன். "வா"ங்கற சொல்லுல ஒருநாளும் கெட்டது கலக்கக்கூடாது.

ஆட்டைத் துரத்தாம இருக்கக் கத்துக்குடுத்ததுதான் பெரிய பாடு. குட்டிநாய்க்கு ஓடற ஆட்டைப் பார்த்தா காலு நிக்காது. அது விளையாட்டுதான், ஆனா சினையாட்டுக்கு அந்த விளையாட்டு எமன். பத்து முழம் கயிறு கட்டிப் பட்டிக்கு வெளிய தள்ளி நிப்பேன். அவ ஆட்டைப் பார்ப்பா. வாலு வெறச்சுக்கும், உடம்பு முறுக்கேறும். நான் பேசமாட்டேன், இழுக்கமாட்டேன், மேல போகவும் விடமாட்டேன். சும்மா நிப்பேன். எப்பவாச்சும் ஒரு கணம் மூஞ்சியத் திருப்பி என்னையப் பார்ப்பா பாருங்க, அந்தக் கணம் சபாஷ், முட்டை. முதநாள் அந்த ஒருதடவைக்குக் கால்மணி நேரம் நின்னேன். ரோட்டுல போனவங்க என்ன நெனச்சாங்களோ. பத்து நாள்ல ஆட்டைப் பார்த்ததும் என்னையப் பாக்க ஆரம்பிச்சா. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமாக் கிட்டப் போனோம். ரெண்டு மாசத்துல ஆட்டுக்கு நடுவுல படுத்துத் தூங்கினா. காலையில பத்து நிமிசம், பொழுதோட பத்து நிமிசம், அதுக்கு மேல இல்லை.

சொந்தக்காரங்க கேலி பண்ணினாங்க. "நாய்க்கு முட்டையா? இது லஞ்சமில்லையா?"ன்னு ஒரு மச்சான் கேட்டார். வேலைக்கு முன்னாடி காட்டினா அது லஞ்சமுங்க, வேலை முடிஞ்சப்புறம் குடுத்தா கூலி. பாத்தி கட்ட வர்ற ஆளுக்குக் கூலி குடுக்கறமே, அவரைச் செல்லம் குடுத்துக் கெடுக்கறமா? ஒரு நாளைக்கு அரை முட்டை ஆச்சு. ஒரு ஆட்டுக்குட்டி என்ன விலைன்னு அவருக்கே தெரியும். அதுவும் ஆயுசுக்கும் இல்லை. கத்துக்கறப்பதான் ஒவ்வொரு தடவையும் குடுக்கணும். அப்புறம் எப்பவாச்சும் ஒண்ணு குடுத்தாப் போதும். இப்பல்லாம் காதுக்கு அடியில சொறிஞ்சு விட்டாலே அவளுக்குப் போதும்.

அடிக்கமாட்டேன்னா எல்லாத்துக்கும் விட்டுருவேன்னு அர்த்தமில்லை. மேல தாவினா திரும்பி நின்னுக்குவேன், நாலு காலும் தரையில இருக்கறப்பதான் கவனிப்பு. பால் போசியில வாய் வச்சா, போசியக் கீழ வச்ச என்மேலதான் தப்பு. சாளைக்குள்ள வரக்கூடாதுன்னா படலைச் சாத்தணும். கயிறு, கதவு, பொறுமை மூணும் நம்ம கையில இருக்கறப்ப தடி எதுக்கு? பொய் சொல்லலை, ஒருதடவை கை ஓங்கிட்டேன். கோழிக்குஞ்சு சமாச்சாரம். ஓங்கின கையோட அப்படியே நின்னுட்டேன். அவ அசையவே இல்லை, கையில என்ன இருக்குதுன்னு அண்ணாந்து பார்த்தா. அவளுக்குக் கைன்னா முட்டைதான தெரியும்.

"இப்படி வளத்தின நாய் காவல் காக்குமா?"ங்கறது அடுத்த கேள்வி. எங்க காங்கேயம், வெள்ளகோயில், தாராபுரம் பக்கம் கொஞ்ச வருஷமாத் தெருநாய்க கூட்டமாப் பட்டிக்குள்ள பூந்து ஆட்டைக் கடிச்சுப் போடறது பெரிய தொல்லை. செத்த ஆட்டைக் கொண்டாந்து ரோட்டுல போட்டு விவசாயிக போராடினதெல்லாம் நீங்களும் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. 2023 ஐப்பசியில ஒரு ராத்திரி, மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும், செவலை கொலைக்கிற சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. டார்ச்சு எடுத்துட்டு ஓடினேன். ஆடெல்லாம் ஒரு மூலையில அடைஞ்சு நிக்குது. செவலையக் காணோம். வேலிச் சந்துல பூந்து அதுகளத் துரத்திக்கிட்டு வெளிய போயிட்டா. டார்ச்சு அடிச்சா பக்கத்துக் காட்டுல ஏழெட்டுக் கண்ணு மின்னுது. நாலு நாய்க்கு நடுவுல ஒத்த நாய் போனா கிழிச்சுப் போட்டுரும். அது அவளுக்குத் தெரியாது, அந்த ஆவேசத்துல இருக்கறா.

எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. கத்தக்கூடாது, கத்தக்கூடாதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். எப்பவும் கூப்பிடற குரல்ல, எப்பவும் போல ஒரே தடவை, "செவலை, வா".

ஒரு கணம் ஒண்ணும் நடக்கலை. அப்புறம் புல்லுல சரசரன்னு சத்தம். வந்து என் காலுக்கு ஊடால நின்னுட்டா, உடம்பெல்லாம் நடுக்கம். எனக்கும்தான். பையில முட்டை இல்லை. அங்கயே ஈரமண்ணுல உட்கார்ந்து ரொம்ப நேரம் சொறிஞ்சு விட்டேன். ஒரு ஆடு போகலை. மறுநாள் சந்தை முள்ளுப் போட்டு அடைச்சேன், பட்டிக்கு ஒரு லைட்டும் போட்டேன். ஒத்த நாயால கூட்டத்தைத் தடுக்க முடியாது. என்னைய எழுப்பி விடறதும், கூப்பிட்டா உசுரோட திரும்பி வர்றதும்தான் அவ வேலை.

டவுன்ல இருந்து படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2005-ல ராஜபாளையத்துக்குத் தபால்தலை போட்டாங்க. 2020-ல பிரதமர் ரேடியோவுல நம்ம நாட்டு நாய்களப் பத்திப் பேசினார். இப்ப கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேரு சொல்லித் தேடித் தேடி வாங்கறீங்க. சந்தோசம். ஆனா கன்னியும் சிப்பிப்பாறையும் எதுக்காக வளத்தின ஜாதின்னு தெரிஞ்சுக்குங்க. கரிசக்காட்டுல முயலைக் கண்ணால பார்த்து, ஓடிப் புடிக்கறதுக்கு. வேட்டை 1972 சட்டத்தோட போச்சு, ஆனா அந்தக் காலும் கண்ணும் போகலை. ஏதாவது அசைஞ்சா ஓடத்தான் செய்யும். அதை ரெண்டு பெட்ரூம் ஊட்டுல சங்கிலியில கட்டி வச்சுட்டு "முரட்டு நாய், சொன்னாக் கேக்கறதில்லை"ன்னு சொன்னா எப்படி? நாளெல்லாம் கட்டியே போட்டு நடக்கவும் விடாம வச்சிருக்கறது 1960-ம் வருஷச் சட்டப்படியே குத்தம். நான் பழகின வரைக்கும் இந்த வேட்டை ஜாதிக முரடே இல்லை, ரொம்பப் பயந்த மனசு. குரலை ஒசத்தினாலே சுருங்கிப் போயிரும். வேலி போட்ட எடமாப் பார்த்துத் தினமும் ஓட விடுங்க. அவிச்ச முட்டை, வேகவச்ச ஈரல், தேங்காய்ச் சில்லு, எதையாவது பையில வச்சுக்குங்க. சாக்லேட்டும் திராட்சையும் மட்டும் வேண்டாம், நாய்க்கு வெஷம். ஏற்கனவே ஆளைக் கடிச்சுப் பழகின நாயா இருந்தா என் எழுத்தைப் படிச்சுட்டு எறங்கிராதீங்க. முதல்ல டாக்டர்கிட்டக் காட்டுங்க, ஒடம்புல எங்கயாவது வலி இருக்கலாம்.

அப்புறம் அந்தத் தலைவன் சமாச்சாரம். கூண்டுல அடைச்ச ஓநாய்க சண்டை போடறதைப் பார்த்து 1947-ல ஒருத்தர் எழுதினது அது. 1970-ல டேவிட் மெக்குன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஓநாயைப் பத்தி எழுதின புத்தகத்துல அதைப் பரப்பினார். அப்புறம் வருஷக்கணக்காக் காட்டுக்குள்ளயே இருந்து பார்த்துட்டு, ஓநாய்க் கூட்டம்ங்கறது அப்பன், ஆத்தா, புள்ளைகதான், அங்க தலைவன் நாற்காலிக்குச் சண்டை இல்லைன்னு 1999-ல அவரே எழுதினார். அந்தப் பழைய புத்தகத்தை அச்சடிக்கறத நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்துகிட்ட அவரே கேட்டுக்கிட்டார். எழுதினவரே வேண்டாம்னு சொன்னதை யூடியூப்ல இன்னும் வித்துட்டு இருக்காங்க.

அக்கா பையன் அன்னிக்கு வீராவை எங்கிட்டயே விட்டுட்டுப் போனான். அபார்ட்மெண்ட்ல ஊளையிடுதுன்னு புகாராம். இரும்புச் சங்கிலியக் கழட்டித் துணிப்பட்டை போட்டேன். நாலு நாள் அதைத் தொடவே இல்லை, கிட்டவும் போகலை. தட்டுப்போருக்கு அடியில படுத்துக்கிட்டு செவலை என்ன பண்றான்னு பார்த்துட்டே இருந்துச்சு. அஞ்சாவது நாள் உள்ளங்கையில இருந்து முட்டைய எடுத்துச்சு. ரெண்டாவது வாரம் பின்னாடியே சுத்த ஆரம்பிச்சுச்சு.

போன ஞாயித்துக்கிழமை பையன் கூட்டிட்டுப் போக வந்தான். கார்ச் சத்தம் கேட்டதும் வீரா தட்டுப்போருக்குப் பின்னாடி போயிருச்சு. பையனுக்கு மூஞ்சி வாடிப் போச்சு. கையில பேப்பர் இல்லை, அதைக் கவனிச்சேன். கருப்பன் கதைய அன்னிக்குத்தான் அவனுக்குச் சொன்னேன். கேட்டுட்டு ஒண்ணும் பேசலை. "கூப்பிடாத மாப்ளே. முதுகைக் காட்டி உட்காரு, கையில இதை வச்சுக்க"ன்னு ரெண்டு துண்டு முட்டையக் குடுத்தேன்.

"எத்தனை நேரமுங்க மாமா?"

"காப்பி போடச் சொல்றேன், உட்காரு."

காப்பி குடிச்சு முடிச்சு, டம்ளரும் காஞ்சு போச்சு. முக்கால் மணி நேரத்துக்கு மேல இருக்கும். வீரா வயித்தைத் தரையோட தேச்சுட்டு வந்து, கையில இருந்ததை லபக்னு எடுத்துட்டு ஓடிருச்சு. அவன் திரும்பலை. ஈரமான உள்ளங்கையவே பார்த்துட்டு இருந்தான்.

"இன்னொரு துண்டு குடுங்க மாமா"ன்னான்.

அன்னிக்கு அவன் தனியாத்தான் கோயமுத்தூர் போனான். வர்ற ஞாயித்துக்கிழமையும் வர்றேன்னிருக்கான்.